வட்டவளையில் லொறி மோதி மரணம்: குடும்பம் அடுத்து என்ன செய்யலாம்?

கேள்வி (வட்டவளை)

எங்கள் பக்கத்து லயத்து அண்ணன் ஒருவர், வயது 43, போன கிழமை பின்னேரம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது, ஹட்டன் பக்கமிருந்து கினிகத்தேனைக்கு இறங்கி வந்த மரக்கறி லொறி மோதி அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். மனைவி தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். பிள்ளைகள் இருவர், 15 வயதும் 9 வயதும். வயதான அம்மாவும் இவர் கையைத்தான் நம்பியிருந்தார். அண்ணனுக்குத் தோட்டத்தில் பேர் பதிந்து 19 வருட வேலை.

சாரதி பிணையில் வந்துவிட்டார். "பிரேக் பிடிக்கவில்லை" என்கிறார். லொறிக்காரர் சாவு வீட்டுக்கு வந்து ஒரு இலட்சம் கொடுத்தார். கருமாதிக்கு முன் இன்னும் நான்கு இலட்சம் தருவதாகவும், சிங்களத்தில் எழுதிய ஒரு கடதாசியில் அக்கா (அண்ணனின் மனைவி) கையெழுத்து வைக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். அக்கா இன்னும் வைக்கவில்லை. பொலிஸில் கேட்டால், வழக்கு முடிந்ததும் நட்டஈடு கிடைக்கும், பொறுத்திருங்கள் என்கிறார்கள்.

இன்னும் இரண்டு சிக்கல். கோயிலில் தாலி கட்டியதோடு சரி, கல்யாணம் பதியவில்லை. அடையாள அட்டையில் ஒரு பேர், செக்ரோலில் (தோட்டத்தின் வேலைநாள், சம்பளப் பதிவேட்டில்) இன்னொரு பேர். எதை முதலில் செய்வது?

பதில் (ஹட்டன்)

முதலில் அந்தக் கடதாசி. அக்கா அதில் கையெழுத்து வைக்க வேண்டாம். இப்படிப்பட்ட கடதாசிகளில் பெரும்பாலும் "முழுமையானதும் இறுதியானதுமான நட்டஈடாகப் பெற்றுக்கொண்டேன், இனிமேல் சாரதி, உரிமையாளர், காப்புறுதிக் கம்பனி எவர் மீதும் கோரிக்கை இல்லை" என்ற வரி இருக்கும். அதை வைத்த பிறகு காப்புறுதிக் கம்பனியின் கதவும் மூடிக்கொள்ளும். வாங்கிய ஒரு இலட்சத்தைத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. ரசீது கேட்டால், "மரணச் செலவுக்கான உதவியாக மட்டும் பெறப்பட்டது, நட்டஈட்டுக் கோரிக்கைக்கு இது தடையாகாது" என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பொலிஸில் சொன்னது பாதிதான் சரி. நீதவான் நீதிமன்றத்தில் நடக்கப்போவது சாரதிக்கு எதிரான குற்ற வழக்கு. தண்டனைச் சட்டக்கோவை 298 ஆம் பிரிவு, கவனயீனத்தால் மரணம் விளைவித்தது, ஐந்து வருடம் வரை சிறை. சாரதி குற்றவாளியானால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் 17(4) இன் கீழ் நீதவான் நட்டஈடு கட்டச் சொல்லலாம். ஆனால் அது ஒரு குடும்பத்தின் பதினைந்து இருபது வருட வருமானத்தை ஈடுசெய்யும் தொகையாக இருக்கும் என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. அதற்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனியாகச் சிவில் வழக்குப் போட வேண்டும்.

அந்தச் சிவில் வழக்குக்குக் காலவரையறை இரண்டு வருடம். காலாவதிக் கட்டளைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு, விபத்து நடந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். குற்ற வழக்கு மூன்று, நான்கு வருடம் இழுபடுவது நம் பக்கத்தில் சாதாரணம். "அது முடியட்டும்" என்று இருந்தே பல குடும்பங்கள் உரிமையை இழக்கின்றன. பராயமடையாத பிள்ளைகளுக்குச் சட்டம் கூடுதல் காலம் தருகிறது என்றாலும் மனைவிக்கும் அம்மாவுக்கும் அது இல்லை. ஆகவே அந்தச் சலுகையை நம்பி நாளைத் தள்ள வேண்டாம்.

மூன்றாவது விஷயம் பலருக்குத் தெரியாது. வழக்கில் வென்றாலும் சாரதியிடம் எடுக்க ஒன்றும் இருக்காது, பணம் வருவது காப்புறுதிக் கம்பனியிடமிருந்துதான். மூன்றாந்தரப்புக் காப்புறுதி எல்லா வாகனத்துக்கும் கட்டாயம். வீதியில் நடந்து போனவர் இறந்தால் அந்தக் காப்புறுதி அதற்குப் பொறுப்பு. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 106 ஆம் பிரிவுப்படி, வழக்குத் தொடுப்பதற்கு முன்போ தொடுத்து ஏழு நாட்களுக்குள்ளோ, வழக்கில் ஒரு தரப்பினர் காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தீர்ப்புப் பணத்தைக் கட்டும் பொறுப்பிலிருந்து கம்பனி தப்பிவிடும். வழக்குப் போட்ட அன்றே பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லி, தபால் ரசீதின் பிரதியைச் சட்டத்தரணியிடம் கேட்டு வாங்கி வையுங்கள்.

இதற்கெல்லாம் லொறி எந்தக் கம்பனியில் காப்புறுதி செய்யப்பட்டது என்பது தெரிய வேண்டும். லொறி பொலிஸ் வளவில் நிற்கும்போதே முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திர ஸ்டிக்கர்கள் இரண்டையும் போனில் படம் எடுங்கள். வாகனத்தை விடுவித்த பிறகு இது கடினம்.

பதில் (நுவரெலியா)

"பிரேக் பிடிக்கவில்லை" என்ற பேச்சைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வழக்கில் எதிர்த்தரப்பு இதைத்தான் பிடித்துக்கொள்ளப் போகிறது. தன் கையை மீறிய இயந்திரக் கோளாறு, தவறு யாருடையதும் அல்ல என்று வாதாடுவார்கள்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், ஹட்டன் 1,271 மீற்றர். அதற்குப் பிறகும் கினிகத்தேனை வரை இறக்கம்தான். பாரம் ஏற்றிய லொறியை இந்த இறக்கத்தில் உயர்ந்த கியரிலோ, டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலிலோ விட்டுக்கொண்டு, பிரேக்கை மட்டும் மிதித்து மிதித்து இறக்கினால் சக்கரத்தோடு சுற்றும் ட்ரம்மும் அதை அழுத்திப் பிடிக்கும் லைனிங்கும் சூடேறும். ஒரு கட்டத்துக்கு மேல் லைனிங் ட்ரம்மைப் பற்றாது. திரவ பிரேக் உள்ள வண்டியில் பழைய பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியாகி, பெடல் கீழே போய்விடும். அந்த நேரத்தில் சாரதி மிதித்தும் வண்டி நிற்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதற்குக் காரணம் தாழ்ந்த கியரில் இறக்காததும், எஞ்சினைக் கொண்டு வேகத்தைக் குறைக்கும் எக்ஸோஸ்ட் பிரேக்கைப் பாவிக்காததும், பராமரிப்பு இல்லாததும். இவை சாரதியினதும் உரிமையாளரினதும் கவனயீனம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சூடு தணிந்ததும் பிரேக் பழையபடி வேலை செய்யும். மறுநாள் மோட்டார் வாகனப் பரிசோதகர் பெடலை மிதித்து, வண்டியைக் கொஞ்சம் ஓட்டிப் பார்த்து "பிரேக் நல்ல நிலையில்" என்று எழுதிவிட்டால், சாரதியின் பேச்சு பொய் என்றாகும், அது உங்களுக்குச் சாதகம்தான். ஆனால் "பிரேக் குறைபாடு" என்று ஒற்றை வரியில் எழுதி, ஏன் குறைபாடு என்று எழுதாமல் விட்டால் அது எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேரும். ஆகவே குடும்பத்தின் சட்டத்தரணி நீதவானிடம் விண்ணப்பித்து, லொறியை விடுவிக்கும் முன் சக்கரங்களைக் கழற்றி முழுமையாகப் பரிசோதிக்கக் கேட்க வேண்டும். பார்க்க வேண்டியவை: ட்ரம்மின் உட்புறம் நீலம் பாரித்திருக்கிறதா, மயிர் போன்ற வெடிப்புகள் இருக்கின்றனவா, லைனிங் கண்ணாடி மாதிரி மினுங்குகிறதா, தடிப்பு எவ்வளவு மிச்சம், காற்று பிரேக் என்றால் காற்று எங்கே கசிகிறது, டயரின் நிலை. பாரம் எவ்வளவு என்பதற்கு மரக்கறி ஏற்றிய சிட்டைகளைக் கேளுங்கள். லொறிக்கு ஜீ.பி.எஸ் பூட்டியிருந்தால் அந்த நாளின் வேகப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி உரிமையாளருக்கு எழுத்தில் கேட்கலாம்.

விபத்து நடந்த இடத்துக்கு இன்றே யாரையாவது அனுப்புங்கள். நம் மழையில் டயர்த் தடம் இரண்டு நாள் தாங்காது. அழிந்திருந்தாலும் பரவாயில்லை, கிலோமீற்றர் கல், மதகு, மின்கம்பம் என்று அசையாத ஒன்றிலிருந்து அளவு நாடாவால் அளந்து, உடல் கிடந்த இடம், லொறி நின்ற இடம், வீதியின் அகலம், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நடக்க எத்தனை அடி இருந்தது, காண் (வடிகால்) மூடியிருந்ததா திறந்திருந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். அண்ணன் வீதியின் நடுவில் நடந்தார் என்று நிறுவினால், 1968 ஆம் ஆண்டின் பங்களிப்புக் கவனயீனச் சட்டத்தைக் காட்டி நட்டஈட்டில் ஒரு பங்கைக் குறைக்கப் பார்ப்பார்கள். கடைகளின் சீ.சீ.டி.வி ஒரு கிழமை இரண்டு கிழமையில் தானாக அழிந்து மேலே புதிது பதியும். முதலில் அதைப் போனில் பதிந்துகொண்டு, பிறகு பொலிஸுக்குச் சொல்லி மூலப் பிரதியை எடுக்கச் சொல்லுங்கள்.

பதில் (பதுளை)

நட்டஈட்டு வழக்கு வருடக்கணக்கில் போகும். அதுவரை அடுப்பெரிய வேண்டும். வழக்கே இல்லாமல் குடும்பத்துக்குச் சேர வேண்டிய பணம் தோட்டத்தில் இருக்கிறது, அதை முதலில் எடுங்கள்.

பணிக்கொடை: 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். ஐந்து வருடம் வேலை செய்திருந்தால் உரித்து உண்டு, தொழிலாளி இறந்தால் வாரிசுகளுக்குப் போகும். நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். 19 வருடத்துக்கு 266 நாள். 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாவை வைத்துப் பார்த்தாலே 359,100 ரூபா வருகிறது. கடைசியாக வாங்கிய நாட்சம்பளம் அதைவிடக் கூட என்றால் கூடிய சம்பளத்தில்தான் கணக்குப் போட வேண்டும். லொறிக்காரர் காட்டும் நான்கு இலட்சத்தோடு இதை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். சட்டம் தரும் அவகாசம் 30 நாள். தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள், பதில் இல்லாவிட்டால் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு.

ஊழியர் சேமலாப நிதி: தொழிலாளியின் 8 வீதமும் தோட்டத்தின் 12 வீதமும் வட்டியோடு. பின்னுரித்தாளராக (இறந்தால் பணத்தைப் பெற வேண்டியவராக) யாரைப் போட்டிருக்கிறார் என்று முதலில் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மாவின் பேரைப் போட்டுவிட்டு மாற்றாமல் விட்டவர்கள் நிறைய. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியில் 3 வீதம் சேர்ந்திருக்கும், வேலையில் இருக்கும்போதே இறந்தவருக்கு அங்கே தனியாக மரண நன்மையும் உண்டு. சேமலாப நிதி எடுத்ததோடு நிறுத்திவிட்டு இதை மறந்துவிடுவார்கள்.

தொழிலாளர் நட்டஈடு: 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். முன்பு வேலைத்தளத்து விபத்துக்கு மட்டும்தான். 2022 திருத்தத்துக்குப் பிறகு வேலைக்குப் போகும் வரும் வழியில் நடக்கும் விபத்தும் அடங்கும். அண்ணன் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார், ஆகவே அன்றைய வரவுப் பதிவும் வேலை முடிந்த நேரமும் மிக முக்கியம். தொழிற்சாலைப் பதிவேட்டின் அந்தப் பக்கத்துக்கு இப்போதே பிரதி கேளுங்கள். பணத்தை நிர்வாகம் கையில் தர முடியாது, தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்பிட வேண்டும். அவர்தான் தங்கியிருப்போருக்குப் பிரித்துத் தருவார். ஒரு எச்சரிக்கை: இந்தக் கோரிக்கையும் சிவில் வழக்கும் ஒன்றையொன்று அடைக்கக்கூடியவை. எதை முதலில் போடுவது, எது இலாபம் என்று சட்டத்தரணியிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லிக் கேட்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

பேர்ச் சிக்கல்: பயப்பட வேண்டாம், தோட்டத்தில் இது வீட்டுக்கு வீடு உள்ளது. செக்ரோலில் உள்ள பேரும் அடையாள அட்டையில் உள்ள பேரும் ஒரே ஆளையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி, கூடவே தோட்ட நிர்வாகத்தின் கடிதம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல். ஆனால் மரணச் சான்றிதழில் மூன்றாவதாக ஒரு பேர் வந்துவிடாமல் பாருங்கள். திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் வாக்குமூலம் கொடுத்தவர் கூப்பிடும் பேரைச் சொல்லியிருந்தால் அதுவே பதிவாகும். பதிவாகும் முன் அடையாள அட்டையைக் காட்டித் திருத்துவது ஒரு நாள் வேலை, பதிந்த பின் மாதக்கணக்கு. சான்றுப்படுத்திய பிரதி ஆறாவது எடுத்து வையுங்கள், ஒவ்வோர் அலுவலகமும் ஒன்றை வைத்துக்கொள்ளும்.

பதியாத கல்யாணம்: பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பேரும், பெற்றோர் மணமானவர்கள் என்ற விபரமும் இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கப்படி நடந்த கல்யாணத்தையும், கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்ததையும் நீதிமன்றம் ஏற்கும். சாட்சிக்கு ஐயரும் அந்தக் கல்யாணத்துக்கு வந்த இருவரும், படங்கள், வாக்காளர் பட்டியல், லயக் குடும்பப் பதிவு. அலுவலகங்கள்தான் பிடிவாதம் பிடிக்கும். அங்கே பிள்ளைகளின் பேரில் கோரிக்கை போட்டால் அந்தத் தடை வராது.

பதில் (மஸ்கெலியா)

எல்லோரும் வழக்கு வழக்கு என்கிறீர்கள். கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் சம்பளத்தை விட்டு, பஸ் காசு கொடுத்து ஹட்டனுக்கு நான்கு ஐந்து வருடம் ஏறி இறங்குவது லேசானதா? சமாதானமாகத் தீர்ப்பதும் சரியான வழிதான். ஆனால் கருமாதிக்கு முன் அல்ல, லொறிக்காரரோடும் அல்ல. காப்புறுதிக் கம்பனிக்குச் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்பி, மரணச் சான்றிதழ், பிரேத பரிசோதனை அறிக்கை, மரண விசாரணைக் குறிப்பு, பொலிஸ் அறிக்கை, சம்பளச் சிட்டைகள் எல்லாம் இணைத்தால் பல கம்பனிகள் வழக்குக்கு முன்போ நடுவிலோ பேச வரும். பேசும்போதும் இரண்டு வருடக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பேச்சு 18 மாதத்தைத் தாண்டினால் வழக்கைப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

2025 மே 11 கொத்மலை கெரண்டியெல்ல பஸ் விபத்து போல நாடே பேசிய விபத்து என்றால் அரசாங்கமே முன்வந்து உதவும். தனியாக வீதியோரம் நடந்து போனவருக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள். குடும்பம்தான் ஒவ்வொரு வாசலாகப் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. அது எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

கேள்வி கேட்டவர் (வட்டவளை)

எல்லோருக்கும் மிக்க நன்றி. கடதாசியில் கையெழுத்து இல்லை என்று சொல்லிவிட்டோம். ஸ்டிக்கர் படமும் எடுத்தாயிற்று. இப்போது இரண்டு சந்தேகம். சாவு வீட்டுக்குப் பணம் கொண்டுவந்த லொறிக்காரர் உரிமையாளர் அல்லவாம், பதிவில் வேறு ஆள், அதற்கு மேல் ஒரு லீசிங் கம்பனியும் இருக்கிறது. யார் மீது வழக்கு? எவ்வளவு கேட்கலாம்?

பதில் (ஹட்டன்)

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்துப் பதிவு விபரம் எடுங்கள். "முழு உரிமையாளர்" என்று லீசிங் கம்பனி இருக்கும், அவர்களைப் பொதுவாக விட்டுவிடலாம். பதிவு உரிமையாளர், உண்மையில் லொறியை ஓடவிட்டுச் சம்பாதிப்பவர், சாரதி, இந்த மூவரும் பிரதிவாதிகளாக வர வேண்டும். பேர் மாற்றாமல் திறந்த கடதாசியில் வாங்கி ஓட்டுவது இங்கே சாதாரணம். ஒருவரை விட்டால், பிறகு "சாரதி என்னுடைய ஆள் அல்ல" என்று மற்றவர் நழுவுவார். சாரதிக்கு யார் சம்பளம் கொடுத்தது, அன்று யாருடைய பாரம் என்பதற்கு ஆதாரம் தேடுங்கள்.

தொகைக்கு ஒரே சூத்திரம் இல்லை, ஆனால் கணக்கு இப்படிப் போகும். மாதம் 24 வேலைநாள், 1,350 படி 32,400. அவர் மரக்கறி போட்டோ மாடு வளர்த்தோ மாதம் 12,000 எடுத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 44,400. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் குடும்பத்துக்கு 33,300, வருடத்துக்கு 399,600. 60 வயது வரை 17 வருடம் என்றால் 67 இலட்சத்து 93 ஆயிரத்துச் சொச்சம். மொத்தமாக ஒரே தடவையில் கிடைப்பதற்கும், நோய் நொடிக்கும் நீதிமன்றம் இதிலிருந்து குறைக்கும். பிள்ளைகளின் பங்கைப் பராயமடையும் வரையும், அம்மாவின் பங்கை அவர் வயதைப் பார்த்தும் தனித்தனியே கணக்கிடுவார்கள். பக்க வருமானத்துக்குச் சிட்டை இல்லாவிட்டால் அது கணக்கிலேயே வராது. மரக்கறி வாங்கிய கடைக்காரர், பால் சேகரிக்கும் நிலையம் இவர்களிடம் இப்போதே கடிதம் வாங்குங்கள். மரணச் செலவுப் பற்றுச்சீட்டுகளையும் எறிய வேண்டாம்.

இதோடு, முன்பு நம் சட்டத்தில் இழந்த அன்புக்கும் அரவணைப்புக்கும் நட்டஈடு கேட்க வழி இருக்கவில்லை, வருமான இழப்பு மட்டும்தான். 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம் அதை மாற்றியது. மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோர் அந்தத் தலைப்பிலும் கேட்கலாம். வழக்குப் பத்திரத்தில் தனித் தலைப்பாக எழுதாவிட்டால் கிடைக்காது, ஆகவே வரைவைப் படிக்கும்போது இதைத் தேடிப் பாருங்கள்.

பிள்ளைகளின் சார்பில் அக்கா "அடுத்த நண்பர்" ஆக வழக்கில் சேருவார். அவர்கள் பங்கு பெரும்பாலும் 18 வயது வரை வங்கியில் கட்டுப்படும். படிப்புச் செலவுக்கு இடையில் எடுக்க நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம்.

பதில் (கண்டி)

மொழி பற்றி யாரும் சொல்லவில்லை. அக்காவும் நேரில் கண்டவர்களும் பொலிஸில் தமிழில் வாக்குமூலம் கொடுக்கலாம். சிங்களத்தில் எழுதினால், தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்கக் கூடாது. வாசிக்கும்போது கேட்க வேண்டிய மூன்று: எந்தப் பக்கமாக நடந்தார், வெளிச்சம் எப்படி இருந்தது, லொறி ஹோர்ன் அடித்ததா. இந்த மூன்றில் ஒரு சொல் பிசகினாலும் பிறகு நீதிமன்றத்தில் திருப்பித் தாக்கும்.

நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸ்தான் வழக்கை நடத்தும் என்றாலும் குடும்பத்தின் சார்பிலும் சட்டத்தரணி தோன்றலாம். ஒவ்வொரு தவணைக்கும் வழக்கிலக்கத்தையும் அடுத்த திகதியையும் குறித்து வையுங்கள். சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டால் அந்த நாளின் வழக்கேட்டுப் பிரதியைச் சான்றுப்படுத்தி எடுங்கள், சிவில் வழக்கில் அதற்கு நல்ல பெறுமதி.

காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் பார்த்துத்தான் எடுப்பார்கள், கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்று தேவை. தனியார் சட்டத்தரணி என்றால் கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள். பிரேத அறை வாசலிலேயே வந்து "நட்டஈடு எடுத்துத் தருகிறோம்" என்று வெற்றுக் கடதாசியில் கையெழுத்து வாங்கும் தரகர்கள் இருக்கிறார்கள், அவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள். நிரப்பாத புரொக்சியிலும் (சட்டத்தரணிக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) கையெழுத்து வேண்டாம்.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது: மோதிவிட்டு ஓடிய வாகனம் எது என்றே தெரியாவிட்டால் சிவில் வழக்குக்கு ஆள் இல்லை. அப்போது தேசிய வீதிப் பாதுகாப்புச் சபையில் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கலாம். வாகனத்தை இனங்காண முடியவில்லை என்ற பொலிஸ் அறிக்கை அதற்கு அவசியம். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போனவரோ வண்டிக்குள் இருந்தவரோ இறந்தால் மூன்றாந்தரப்புக் காப்புறுதி தானாகப் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். காப்புறுதிப் பத்திரத்தின் முழுப் பிரதியை வாங்கி, பயணிகள் அடங்குகிறார்களா என்று பார்த்த பிறகே யார் மீது வழக்கு என்று முடிவெடுங்கள்.